மேஜை மேல் ஒரு மகாயுத்தம்!

இங்கிலாந்தின் பழைய புத்தகக் கடைகளில் ஒரு தனி ரகமான வாடிக்கையாளர்கள் உண்டு. அறுபது, எழுபது வயதைத் தாண்டியவர்கள். பெரும்பாலும் ஆண்கள். ஆபீஸ், பாங்கு, பள்ளிக்கூடம் என்று எங்கெங்கோ உழைத்து ஓய்வு பெற்றவர்கள். கடைக்காரர் நாவலை எடுத்துக் காட்டினால் தலையை ஆட்டிவிட்டு அடுத்த அலமாரிக்குப் போய்விடுவார்கள். அவர்களுக்கு வேண்டியது, பொம்மைச் சிப்பாய்களை மேஜை மேல் நிறுத்தி யுத்தம் நடத்துவது எப்படி என்று சொல்லும் பழைய விதிப் புத்தகம். மேலட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. நூலக முத்திரை குத்தியிருந்தாலும் பரவாயில்லை. கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிப் போகிறார்கள்.

"இதென்ன பைத்தியக்காரத்தனம்? பேரன் விளையாட வேண்டிய வயதில் தாத்தா விளையாடுகிறாரா?" என்று கேட்கத் தோன்றும். இந்தப் புத்தகங்களின் கதையைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால் அப்படிக் கேட்க மனம் வராது.

சதுரங்கத்தின் பேரன்

ஆட்டம் இதுதான். பெரிய மேஜை ஒன்று. அதன் மேல் பச்சைத் துணி. துணிக்கு அடியில் நாலைந்து தடிப் புத்தகங்களைச் செருகினால் அதுவே குன்று. நீலக் காகிதத்தை வெட்டி வைத்தால் ஆறு. இரு பக்கமும் ஓர் அங்குலத்துக்கும் குறைந்த உயரமுள்ள சிப்பாய்கள், அணி அணியாக. காலாட்படை ஒரு தடவைக்கு இத்தனை அங்குலம் நகரலாம், குதிரைப்படை இத்தனை அங்குலம் என்று கணக்கு. அளப்பதற்கு அடிக்கோல். சுட்டால் எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதைப் பகடை சொல்லும்.

இதற்கு மூதாதை நம் நாட்டுச் சதுரங்கமேதான். யானை, குதிரை, தேர், காலாள் என்று நான்கு உறுப்புப் படையைக் கட்டத்தில் இறக்கிய அந்த ஆட்டம் பாரசீகம் வழியாக ஐரோப்பா போய்ச் சேர்ந்தது. 1780-ல் ஜெர்மனியின் பிரன்ஸ்விக் அரசவையைச் சேர்ந்த ஹெல்விக் என்பவர், அதன் பலகையைப் பெரிதாக்கி, மலை, ஆறு, ஊர் எல்லாம் சேர்த்துப் புது ஆட்டம் ஒன்றை உண்டாக்கினார். 1812-ல் பிரஷ்ய மன்னருக்கு ரெய்ஸ்விட்ஸ் பிரபு ஒரு யுத்த விளையாட்டைச் செய்து காட்டினார். ராணுவ லெப்டினன்டாக இருந்த அவருடைய மகன், அதையே நிஜமான வரைபடத்தின் மேல் ஆடும்படி திருத்தி 1824-ல் விதிகளை அச்சிட்டார். பிரஷ்யப் படைத் தலைமை அதை அதிகாரிகளின் பயிற்சிக்கே எடுத்துக்கொண்டது. ஆனால் அந்த இளைஞருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1827-ல் தன்னைத் தானே சுட்டுக்கொண்டு இறந்து போனார்.

சதுரங்கத்துக்கும் இதற்கும் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. சதுரங்கத்தில் காலாளை எந்த ஆபத்தில் கொண்டுபோய் நிறுத்தினாலும் நிற்பான். பிற்காலத்து மேஜை யுத்தத்தில் அவனுக்குப் பயம் என்று ஒன்று உண்டு! பக்கத்து அணி சிதறினால், தளபதி விழுந்தால், பின்னாலிருந்து எதிரி வந்தால், பகடை போட்டுப் பார்க்க வேண்டும். எண் சரியில்லையென்றால் சிப்பாய் திரும்பி ஓடுவான். ஆட்டக்காரர் எவ்வளவு பெரிய மேதையாக இருந்தாலும் அவனைத் தடுக்க முடியாது. எந்தப் புத்தகம் இந்தப் பயத்தை நன்றாகக் கணக்கிட்டது என்பது பற்றி இந்த அன்பர்கள் இன்றும் மணிக்கணக்கில் வாதாடுவார்கள்.

எழுத்தாளர்கள் தரையில் உட்கார்ந்தார்கள்

ராணுவத்திடமிருந்து இந்த ஆட்டத்தை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தவர்கள் எழுத்தாளர்கள். 'புதையல் தீவு' எழுதிய ஸ்டீவன்சன் நுரையீரல் நோயோடு சுவிட்சர்லாந்தின் டாவோஸ் ஊரில் 1880-களின் தொடக்கத்தில் குளிர்காலங்களைக் கழித்தார். அப்போது, மனைவியின் முதல் திருமணத்தில் பிறந்த மகன் லாய்டோடு சேர்ந்து, பரணில் தரை முழுக்கச் சாக்பீஸால் தேசப்படம் வரைந்து, ஈயச் சிப்பாய்களை வைத்து வாரக்கணக்கில் போர் நடத்தினார். அந்தப் பையன் வளர்ந்த பிறகு 1898-ல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் இதையெல்லாம் எழுதி வைத்தார்.

ஆனால் பொதுமக்கள் வாங்கிப் படித்து ஆடும்படியான விதிப் புத்தகத்தைத் தந்தவர் எச். ஜி. வெல்ஸ். 1913-ல் வெளிவந்த அந்தப் புத்தகத்தின் பெயர் 'லிட்டில் வார்ஸ்'. சின்னச் சண்டைகள் என்று வைத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு வயது முதல் நூற்றைம்பது வயது வரையுள்ள பையன்களுக்கு உரியது என்று தலைப்புப் பக்கத்திலேயே குறும்பாகப் போட்டிருந்தார். மனைவி எடுத்த போட்டோக்கள் உள்ளே. மரக்குண்டு சுடும் ஸ்பிரிங் பீரங்கி ஒன்று அந்த நாளில் பொம்மைக் கடையில் கிடைத்தது. 'படகில் மூவர்' எழுதிய ஜெரோம் கே. ஜெரோம் என்று எல்லாரும் அடையாளம் கண்டுகொண்ட நண்பர் ஒருவர், ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பின் அந்தப் பீரங்கியை எடுத்துப் பொம்மைகளைக் குறிபார்த்துச் சுட்டதில்தான் ஆட்டமே பிறந்ததாம்.

விதிகள் எளிமையானவை. காலாள் ஓர் அடி நகரலாம். குதிரை வீரன் இரண்டடி. பீரங்கிக்கு ஆறு அங்குலத்துக்குள் நான்கு பேர் இருந்தால்தான் சுடலாம். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கடிகாரம் பார்த்து நேர வரம்பு. யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருக்க முடியாது.

புத்தகத்தின் கடைசிப் பகுதியில் வெல்ஸின் குரல் மாறுகிறது. தன் வீட்டுக்கு வந்து ஆடிய ராணுவ அதிகாரிகள் சாதாரண விதிகளிலேயே தடுமாறினார்கள் என்கிறார். பொம்மை யுத்தத்திலேயே இத்தனை குழப்பம் என்றால், நிஜ யுத்தம் எத்தனை பெரிய முட்டாள்தனமாக இருக்கும் என்று மூன்று நாலு ஆட்டம் ஆடினாலே புரியும் என்பது அவர் வாதம். சண்டைப் பிரியர்களான அரசர்களையும் தளபதிகளையும் ஓர் அறையில் அடைத்து, ஈயச் சிப்பாய்களைக் கொடுத்து ஆடவிட்டால் உலகம் நிம்மதியாக இருக்கும் என்கிற தோரணையில் எழுதியிருக்கிறார்.

மறு ஆண்டு, 1914 ஆகஸ்டில், முதல் உலகப் போர் மூண்டது. 1913-ல் பதினைந்து வயதில் இந்தப் புத்தகத்தைப் படித்த பையனுக்கு 1916-ல் பதினெட்டு நிறைந்தது. அந்த ஆண்டுதான் பிரிட்டனில் கட்டாய ராணுவச் சேவை வந்தது. வெல்ஸின் சொந்த மகன்கள் இருவரும் 1901-லும் 1903-லும் பிறந்தவர்கள். வயது போதாததால் தப்பினார்கள். வெல்ஸ் என்ன செய்தார்? இது போரை ஒழிக்கும் போர் என்று 1914-லேயே ஒரு புத்தகம் எழுதி ஜெர்மனிக்கு எதிரான யுத்தத்தை ஆதரித்தார்! அவரை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. முழுக்க மன்னிக்கவும் மனம் வராது. பழைய 'லிட்டில் வார்ஸ்' பிரதியைக் கையில் எடுக்கும் அன்பர்களில் பலர் அந்தக் கடைசிப் பகுதியைத்தான் முதலில் புரட்டுகிறார்கள்.

சண்டையைப் பார்த்தவர்கள் எழுதியவை

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் உண்மையான பொற்காலம். அதற்கு முக்கிய காரணம் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன். 1918-ல் பிறந்தவர். போரின்போது டாங்கிப் படையில் இருந்தவர். பிறகு தெற்கு இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் நகரில் உடற்பயிற்சி வைத்தியம் செய்து பிழைத்தார். பகலெல்லாம் பிறர் கால் மூட்டைத் தேய்த்துவிட்டு, இரவில் பொம்மைச் சிப்பாய்க்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்.

அவர் எழுதிய 'வார் கேம்ஸ்' 1962-ல் வெளிவந்தது. அதில் மூன்று காலத்துக்கு மூன்று விதித் தொகுப்புகள். பண்டைய காலப் போருக்கு டோனி பாத் எழுதியது. துப்பாக்கியும் குதிரையுமான காலத்துக்கு ஃபெதர்ஸ்டோனுடையது. நவீனப் போருக்கு லயனல் டார் எழுதியது. அதே ஆண்டு ஃபெதர்ஸ்டோன் ஒரு மாதப் பத்திரிகையும் ஆரம்பித்து 1980 வரை விடாமல் நடத்தினார். அதற்கு முன்னால், 1957-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜாக் ஸ்குரூபி என்பவர் இதே விஷயத்துக்காக ஒரு சிற்றிதழ் தொடங்கியிருந்தார். கடல் தாண்டித் தபாலில் விதிகள் போய் வந்தன.

'வார் கேம்ஸ்' ஊர் ஊராகப் பொது நூலகங்களில் இடம் பிடித்தது. கையில் காசில்லாத பையன்கள் இரண்டு வாரத் தவணையில் எடுத்துப் போய், விதிகளை நோட்டில் எழுதிக்கொண்டு திருப்பித் தந்தார்கள். திரும்ப எடுத்தார்கள். திரும்பத் தந்தார்கள். இன்று கிடைக்கும் பழைய பிரதிகள் பலவற்றில் தேதிச் சீட்டு நிரம்பி வழிவதற்கு இதுதான் காரணம்.

பொம்மைக்கும் அதே சமயத்தில் விடிவு வந்தது. ஈயச் சிப்பாய் வாங்கப் பணக்காரப் பிள்ளைகளால்தான் முடியும். 1959-ல் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி மென்மையான பிளாஸ்டிக்கில் சின்னச் சிப்பாய்களை வெளியிட்டது. நாற்பதுக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் கொண்ட பெட்டி இரண்டு ஷில்லிங்! கூலிக்காரன் மகனும் படைத்தலைவன் ஆகலாம் என்று ஆயிற்று. ஒரே குறை, அந்த பிளாஸ்டிக்கில் வர்ணம் நிற்காது. வாரக்கணக்கில் பூசிய சிவப்புக் கோட்டு ஒரே ஆட்டத்தில் உரிந்து போகும். அந்தத் துக்கத்தை இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஸ்டென்ஸில் காலத்து இலக்கியம்

அச்சான புத்தகங்கள் கொஞ்சம்தான். அந்த நாளில் மன்றம் மன்றமாகச் சுற்றிய விதிகள் பெரும்பாலும் டைப் அடித்து, ஸ்டென்ஸில் வெட்டி, சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் உருட்டி எடுத்தவை. ஆபீஸில் ஸ்டென்ஸில் வெட்டிய அனுபவமுள்ள நம் வாசகர்களுக்குச் சொல்லவே வேண்டாம். 'ஓ' எழுத்து ஓட்டையாகி மை கசியும். திருத்தத்துக்குத் தடவிய திரவத்தின் வாசனை விரலை விட்டுப் போகாது. கடைசிப் பிரதிகளில் பாதி வரி தெரியாது. நெப்போலியனின் பீரங்கி எத்தனை அங்குலம் சுடும் என்ற எண் மங்கிப் போயிருந்தால், அதை வைத்தே இரண்டு நண்பர்கள் பேச்சுவார்த்தை நிறுத்திக்கொள்வார்கள்!

இந்தச் சூழ்நிலையில் பிறந்ததுதான் 'வார்கேம்ஸ் ரிசர்ச் குரூப்'. 1969-ல் ஃபில் பார்க்கர், பாப் ஓ'பிரையன், எட் ஸ்மித் மூவரும் சேர்ந்து பண்டையப் போர்களுக்கான விதிகளை வெளியிட்டார்கள். சரித்திர ஆதாரம் தேடி, எந்த ஆயுதத்துக்கு எந்தக் கவசம் தாங்கும் என்று அட்டவணை போட்டார்கள். பார்க்கரின் நடை தனி. ஒரு வார்த்தை கூடவோ குறையவோ இராது. ஒரு வாக்கியத்தை மூன்று தடவை படித்தால்தான் அர்த்தம் பிடிபடும். நண்பர்கள் அதற்குப் 'பார்க்கர் பாஷை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சர்வீஸ் ரூல்ஸ் படித்துப் பழகிய குமாஸ்தாவுக்கு அது ஒன்றும் கஷ்டமாக இருந்திருக்காது.

இந்தக் குழுவினரின் புகழ் அவர்களுடைய படைப் பட்டியல்களில் இருந்தது. எந்த நாட்டுப் படையில் எத்தனை யானை, எத்தனை வில்லாளி என்ற கணக்கு. போரஸின் யானைப்படை ஆரம்பத்திலிருந்தே பலருக்குப் பிடித்தமானது. 1990-க்குப் பிறகு வந்த பட்டியல்களில் பழந்தமிழர் படையும் சிங்களர் படையும் ஒரே தலைப்பின் கீழ் இடம் பெற்றன. தமிழில் ஒரு எழுத்துக்கூடத் தெரியாத ஆங்கிலேயர் ஒருவர், தன் வீட்டு மேஜையில் தமிழ் மன்னனின் யானைக்கு வர்ணம் பூசிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தால் வேடிக்கையாகத்தான் இருக்கிறது!

பிரிகேடியரும் பொம்மையும்

1967-ல் வந்த 'சார்ஜ்!' என்ற புத்தகத்துக்கு இன்றும் பக்தர்கள் அதிகம். எழுதியவர்கள் பிரிகேடியர் பீட்டர் யங், ஜே. பி. லாஃபோர்டு. யங் சாதாரண ஆசாமியல்ல. போரில் கமாண்டோவாக டியப் துறைமுகத் தாக்குதலிலும் நார்மண்டியிலும் இறங்கியவர், பதக்கங்கள் குவித்தவர். பிறகு சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் சரித்திரம் சொல்லிக் கொடுத்தார். லாஃபோர்டு பின்னாளில் ராபர்ட் கிளைவின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார்.

இப்படிப்பட்டவர்கள் எழுதிய புத்தகம் கனமாக இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்து போவோம். முழுக்க முழுக்கச் சிரிப்பு. பதினெட்டாம் நூற்றாண்டுச் சாயலில் கற்பனை ராஜ்யங்கள். அவற்றுக்கு வேடிக்கைப் பெயர்கள். தோற்ற தளபதி தன் மன்னருக்குச் சப்பைக்கட்டு கட்டி எழுதுகிற பாணியில் யுத்த விவரங்கள். 1971-ல் சார்லஸ் கிராண்ட் எழுதிய 'தி வார் கேம்' புத்தகமும் இதே குடும்பம்தான். ஒரு ரெஜிமெண்டுக்கே ஐம்பது பொம்மை வேண்டும் அவருக்கு. அதன் போட்டோக்களில் வரிசை பிசகாமல் நிற்கும் அணிகளைப் பார்த்துப் பார்த்தே ஒரு தலைமுறைப் பையன்கள் கனவு கண்டார்கள்.

நேரில் பிணங்களைப் பார்த்தவர்கள் பொம்மை வைத்து விளையாடுவதா என்று அந்த நாளிலேயே கேட்டவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. ஃபெதர்ஸ்டோனும் யங்கும் தாங்கள் நேரில் கண்ட யுத்தத்தை மட்டுமே ஆடிக்கொண்டிருக்கவில்லை. கவசமும் ஈட்டியும், மஸ்கட் துப்பாக்கியும் கொடியுமான பழைய காலத்திலும், இல்லாத ராஜ்யங்களின் எல்லையிலும் ஆட்டத்தை வைத்துக்கொண்டார்கள். அங்கே விழுந்த சிப்பாய் ஆட்டம் முடிந்ததும் எழுந்து பெட்டிக்குப் போய்விடுவான். 'சார்ஜ்!' புத்தகத்தின் சிரிப்புக்குப் பின்னால் இருப்பது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

டோனி பாத் இன்னும் ஒரு படி மேலே போனார். கற்பனைக் கண்டம் ஒன்றையே உண்டாக்கி, அதன் அரசர்கள், மந்திரிகள், தளபதிகள் ஒவ்வொருவருக்கும் சீட்டுக்கட்டிலிருந்து சீட்டு எடுத்துக் குணம் கொடுத்தார். விழுகிற சீட்டைப் பொறுத்து ஒருவன் விசுவாசி, ஒருவன் துரோகி, ஒருவன் பேராசைக்காரன். ஆண்டுக்கணக்கில் அந்த ராஜ்யங்கள் அவருடைய நோட்டுப் புத்தகங்களில் வாழ்ந்தன.

பூதம் கிளம்பிய கதை

அமெரிக்காவில் கதை வேறு பக்கம் திரும்பியது. விஸ்கான்சின் மாநிலத்து ஜெனிவா ஏரி ஊரில் கேரி கைகாக்ஸ், ஜெஃப் பெரன் இருவரும் 1971-ல் 'செயின்மெயில்' என்ற மத்திய கால யுத்த விதிப் புத்தகத்தை வெளியிட்டார்கள். அதன் பின்னிணைப்பில் மந்திரவாதி, டிராகன், பூதம் எல்லாம் வந்தன. பழைய ஆட்டக்காரர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் அந்தப் பின்னிணைப்பிலிருந்துதான் 1974-ல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' பிறந்தது. மூன்று சின்னப் புத்தகங்கள் கொண்ட பெட்டி. விலை பத்து டாலர். முதலில் அச்சானவை ஆயிரம் பிரதிகள். இன்று அந்த முதல் பெட்டி ஆயிரக்கணக்கான டாலருக்கு ஏலம் போகிறது. பிரிட்டனில் 1983-ல் வந்த 'வார்ஹாமர்' பெட்டிக்கும் இதே கதி. அதை அன்று வாங்கிய பள்ளிப் பையன்கள் இன்று ஐம்பது வயதைத் தாண்டி, தாங்களும் பழைய பதிப்பைத் தேடும் கூட்டத்தில் சேர்ந்துவிட்டார்கள்.

புதிய விதிப் புத்தகங்கள் பளபளப்பான தாளில், பக்கத்துக்குப் பக்கம் வர்ணப் படங்களோடு வருகின்றன. எதையும் விடாமல் சொல்கின்றன. பழைய புத்தகங்களில் ஓட்டை அதிகம். ஆறு கடக்கும்போது பின்னால் சுட்டால் என்ன என்று ஃபெதர்ஸ்டோனைக் கேட்டால், நண்பர்கள் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்கிற பாணியில்தான் பதில் கிடைக்கும். அந்தப் பேச்சுதான் பலருக்கு நினைவில் நிற்கிறது. மாடி அறை, மழை நாள், டீ, எதிரில் நண்பன், நடுவில் தீராத வாதம்.

கிராண்ட் 1979-ல் காலமானார். யங் 1988-ல் போனார். ஃபெதர்ஸ்டோன் 2013-ல், தொண்ணூற்றைந்து வயதில். அவர்களோடு ஆடியவர்களும் ஒருவர் பின் ஒருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பின்னால் நிற்பது அலமாரி அலமாரியாகப் பொம்மைப் படை. வீட்டில் மற்றவர்களுக்கு அது என்னவென்றே தெரியாது. அந்த நாட்டில் நடக்கும் போர் விளையாட்டுக் கண்காட்சிகளில் பழைய சாமான் விற்கும் மேஜை ஒன்று போட்டிருப்பார்கள். ஒரு மனிதர் முப்பது ஆண்டு ராத்திரியெல்லாம் கண்விழித்து வர்ணம் பூசிய படை, பழைய பிஸ்கட் டப்பாக்களில் அங்கே வந்து உட்காருகிறது. ஓரத்தில் அவருடைய விதிப் புத்தகங்களும் இருக்கும். மார்ஜினில் பென்சிலால் திருத்தம் எழுதியிருக்கும்.

இவை அழிந்து போகக்கூடாது என்று 'ஹிஸ்டரி ஆஃப் வார்கேமிங் பிராஜக்ட்' என்ற பதிப்பு முயற்சி ஒன்று ஃபெதர்ஸ்டோன், டோனி பாத் முதலியோரின் புத்தகங்களைத் திரும்ப அச்சிட்டிருக்கிறது. வெல்ஸின் புத்தகத்துக்கு உரிமைக் காலம் முடிந்துவிட்டதால் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். மறுபதிப்பில் எழுத்து தெளிவாக இருக்கிறது, விலையும் குறைவு. அதை வாங்கிப் படித்து முடித்த பெரியவர்களில் சிலர், பழைய பிரதிக்காகக் கடை கடையாக ஏறுவதை மட்டும் நிறுத்தவில்லை. கிடைத்ததும் முதலில் பின்னட்டையைத் திறந்து தேதிச் சீட்டைப் பார்க்கிறார்கள். தங்கள் ஊர் நூலகத்தின் பெயர் இருக்கிறதா என்று.